ஏட்டில் ஏறாத பிறப்புகள்

உயிரோடு முன்னால் நிற்கும் ஒருவரிடம், "நீர் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்பது அரசாங்க அலுவலகங்களின் நெடுநாள் வழக்கம். கேட்பதற்கு இது நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்கும், சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதற்கும், தேசிய அடையாள அட்டை பெறுவதற்கும், கடவுச்சீட்டு எடுப்பதற்கும், விவாகத்தைப் பதிவதற்கும், முதுமையில் ஓய்வூதியம் பெறுவதற்கும் இலங்கையில் கேட்கப்படுவது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்ற ஒற்றைத் தாளே. அது கையில் இருப்பவருக்கு அதன் அருமை தெரிவதில்லை. இல்லாதவருக்கோ அது ஆயுட்காலக் கவலையாகிவிடுகிறது.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் மட்டக்களப்பார் சிலர், தம் தாயாரின் அல்லது தந்தையாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எவ்வாறு எடுக்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. பத்திரிகைக்காரனுக்கு எல்லா அலுவலகத்திலும் ஆள் தெரியும் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தத் தாள் ஏன் சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை என்ற கேள்விக்கு இரண்டு வரிகள் போதா. அதற்கு வாவிக்கரையின் வரலாற்றுக்குள் சற்று இறங்க வேண்டும்.

குடி என்னும் பழைய பதிவேடு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கடலுக்குச் சமாந்தரமாக அது நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை. வாவிக்கு மேற்கே வயல்களும் குளங்களும் காடும் சேர்ந்த பெருநிலம் படுவான்கரை. சூரியன் படும் கரை. ஒரே மக்கள், ஒரே மொழி, ஒரே வழக்கம். எனினும் அரசாங்கத்தின் ஏடும் பேனாவும் இவ்விரு கரைகளையும் ஒரே காலத்தில், ஒரே அளவில் எட்டவில்லை.

ஏடு வருவதற்கு முன்னர், பிறந்த பிள்ளை யாருடையது என்பதை அறிய இந்தக் கரைகளில் வேறொரு முறை இருந்தது. அதுதான் குடி. மட்டக்களப்புப் பிரதேசத்தின் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் குடி தாய்வழியாகவே இறங்குகிறது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. அதன் உட்கிளையை 'வயிற்றுவார்' என்று சொல்லும் வழக்கும் உண்டு. அந்தச் சொல்லே செய்தியை முழுமையாகச் சொல்லிவிடுகிறது. திருமணம் பேசும்போது முதலில் கேட்கப்படுவது குடி. ஒரே குடிக்குள் மணம் ஆகாது. கோயில் திருவிழாக்களில் உரிமையும் மரியாதையும் குடி வரிசைப்படியே அமையும். சொத்துரிமையையும் தாய்வழியிலே வைத்த முக்குவர் சட்டத்தைப் பற்றிப் பிறிற்றோ என்பவர் 1876ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார்.

இந்தப் பதிவேட்டுக்குத் தாளும் இல்லை, மையும் இல்லை. ஊராரின் நினைவே அதன் ஏடு. பேறு பார்த்த மருத்துவிச்சி, கூட இருந்த பெரியம்மா, நேரம் கணித்துச் சாதகம் எழுதிய சாத்திரியார் ஆகியோரே அதன் பதிவாளர்கள். ஊர் கலையாமல் இருக்கும் வரையில் இது போதுமானதாகவே இருந்தது.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏடு

ஆட்களையும் காணிகளையும் எழுதி வைக்கும் பழக்கம் பிரித்தானியருக்கு முன்னரே இலங்கையில் இருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் தோம்பு எழுதினர். தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவுகள் எழுதப்பட்டன. 1814ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரோடு மெதடிஸ்த மிசனும் இங்கு காலூன்றியது. ஆனால் இவற்றில் ஏறிய பெயர்கள் காணியுடையோரின் பெயர்களும் கிறித்தவராய்த் திருமுழுக்குப் பெற்றோரின் பெயர்களுமே.

எல்லாச் சமயத்தவரின் பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே பதியும் முறை இலங்கையில் 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. ஆயினும் நடைமுறையில் அது விரும்பியோர் பதியும் பதிவாகவே இருந்தது. 1895ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியே 1897ஆம் ஆண்டில்தான் பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பின்னர் இது நமக்குத் தேவைப்படும். இன்று நடைமுறையில் உள்ள 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சியே.

முறை எளியது. ஒவ்வொரு பதிவுப் பிரிவுக்கும் ஒரு பதிவாளர். பலர் தம் வீட்டையே அலுவலகமாக்கி, படலையில் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருப்பர். பிள்ளை பிறந்து 42 நாள்களுக்குள் தாயோ தந்தையோ உரிய வேறொருவரோ சென்று அறிவிக்க வேண்டும். பதிவாளர் எழுதும் பதிவில் ஒரு பிரதி மாவட்டத்தில் இருக்கும். மற்றொன்று கொழும்பில் பதிவாளர் நாயகத்திடம் போய்ச் சேரும். ஓரிடத்தில் எரிந்தாலும் கரையான் தின்றாலும் மற்ற இடத்தில் இருக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டின் அருமை, பின்னர் வந்த காலங்களில்தான் விளங்கியது.

ஏட்டில் எழுதப்பட்டவை தந்தையின் பெயர், அவர் பிறந்த இடம், தந்தையின் தந்தை பெயர் என்ற வரிசையில் அமைந்தன. தாயின் பெயருக்கும் இடமிருந்தது. ஆனால் குடிக்கு அங்கே கூடு இல்லை. மட்டக்களப்பான் தன்னை யாரென்று அறிந்திருந்த வழியும், அரசாங்கம் அவனை யாரென்று எழுதிக்கொண்ட வழியும் இவ்வாறு வேறுவேறாயின.

1948: எழுதாத ஏட்டைக் கேட்ட சட்டம்

இந்த வேறுபாடு வெறும் பண்பாட்டுச் சுவாரசியம் அன்று என்பதை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் காட்டியது. 1948 நவம்பர் 15ஆம் திகதிக்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தாய்வழி பொதுவாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1948இல் நாற்பது வயதான ஒருவர் 1908இல் பிறந்தவர். அவருடைய தந்தை 1880ஆம் ஆண்டளவில் பிறந்திருப்பார். பிறப்புப் பதிவு கட்டாயமானதோ 1897இல். அதாவது, தந்தையின் பிறப்புக்கு அத்தாட்சி காட்டு என்று கேட்ட அரசு, அந்தத் தந்தை பிறந்தபோது அவருடைய பிறப்பைப் பதியும்படி எவரையும் கட்டாயப்படுத்தியிருக்கவில்லை. தான் எழுதாத ஏட்டைக் குடிமகனிடம் கேட்டது.

இந்தச் சட்டத்தின் முழுப் பாரமும் மலையகத் தமிழர் தலையில் விழுந்தது. தோட்டங்களில் பல தலைமுறை பிறந்து மடிந்தவர்கள் நாடற்றவராயினர். மட்டக்களப்பாரிடம் அதே கண்டிப்போடு எவரும் தந்தையின் அத்தாட்சியைக் கேட்கவில்லை. அவர்கள் இந்நாட்டவர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் இரண்டு சாராரின் பெட்டகங்களையும் அன்று திறந்து பார்த்திருந்தால் காகிதத்தில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. ஒரு சாராரிடம் அது கேட்கப்படவில்லை. மறு சாராரிடம் கேட்கப்பட்டது. அவ்வளவே. காகிதம் இல்லாமை குற்றமாவது, அதைக் கேட்பவர் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.

தாய்வழியாகவும் பிரசாவுரிமை இறங்கலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம். வாவிக்கரையில் நூற்றாண்டுகளாக வழங்கிய முறையைக் கொழும்புச் சட்டம் எட்டிப்பிடிக்க 55 ஆண்டுகள் ஆயின.

42 நாள்களும் ஒரு துறையும்

எழுவான்கரையில் பெருந்தெருவும் நகரமும் மருத்துவமனையும் இருந்தன. பதிவாளரின் வீடு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. படுவான்கரையில் நிலைமை வேறு. மண்முனைத் துறையிலும், அம்பிளாந்துறை - குருக்கள்மடம் துறையிலும், மண்டூர் - குருமண்வெளித் துறையிலும், 'பாதை' என்று மட்டக்களப்பார் அழைக்கும் மிதவைப் படகில்தான் வாவியைக் கடக்க வேண்டும். மண்முனைக்குப் பாலம் கிடைத்தது 2014ஆம் ஆண்டில். மாரியில் வாவி பெருகும். விதைப்புக் காலத்தில் வயலை விட்டு நகர முடியாது. பேறு வீட்டில் நடக்கும். சட்டம் கொடுத்த 42 நாள்கள் இப்படியே கழிந்துவிடும். பிள்ளை பாடசாலை போகும் வயதில்தான் பத்திரத்தின் நினைவு வரும்.

பதியப்பட்டவர்களின் பத்திரங்களும் நிலைக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. கூரையோடு பெட்டகங்களும் நனைந்தன. பின்னர் போர் வந்தது. 1990 ஜூனுக்குப் பின் ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்தனர். படுவான்கரை 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது, வாவியே எல்லைக்கோடாயிற்று. துறையைக் கடப்பதற்குச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். அங்கே அடையாள அட்டை காட்ட வேண்டும். அடையாள அட்டை எடுப்பதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அதை எடுப்பதற்குத் துறையைக் கடக்க வேண்டும். இந்த வட்டத்துக்குள் சுற்றிய இளைஞர்களை அக்காலத்தில் செய்தி சேகரித்த எவரும் கண்டிருப்பர். அந்தத் தாள் இல்லாதவன் வயதைக்கூட நிறுவ முடியாதவன். சிறுவன் ஒருவன் சிறுவன்தான் என்று தாய் சொல்லுவதற்கும், ஒரு தாள் சொல்லுவதற்கும் இடையிலிருந்த வேறுபாட்டை அந்தத் தாய்மாரே நன்கு அறிவர்.

எண்பத்தோராவது குழந்தை

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையை அறுத்துச் சென்றது. நாவலடி, கல்லடி தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது வரை கடலோர ஊர்கள் சிதைந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று இடிபாடுகளிடையே உயிரோடு கண்டெடுக்கப்பட்ட கைக்குழந்தை ஒன்று கல்முனை ஆதார வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது. அன்று அங்கே சேர்க்கப்பட்டோரில் அது எண்பத்தோராவது. பெயர் தெரியாமையால் அந்த எண்ணே அதன் பெயராயிற்று. ஒன்பது தாய்மார் அந்தப் பிள்ளைக்கு உரிமை கோருகின்றனர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் முறைப்படி உரிமை கோரி நின்றது ஒரேயொரு தம்பதியர் என்பது பின்னர் தெரியவந்தது. ஒன்பது என்ற எண் ஒன்றைவிடக் கவர்ச்சியானது. அதனால் அது ஒன்பது நாடுகளுக்கும் மேலாகப் பரவியது.

அந்தத் தம்பதியரிடம் பிள்ளை தம்முடையதென நிறுவுவதற்குரிய பத்திரங்கள் இருக்கவில்லை. அவற்றைக் கடல் கொண்டுபோயிருந்தது. கல்முனை நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி 14ஆம் திகதி முடிவு நீதிமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பெப்ரவரி 16ஆம் திகதி பிள்ளை பெற்றோரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. பிறப்பைப் பதிவதற்குச் சட்டம் தருவது 42 நாள்கள். தன்னைப் பெற்றவர்களிடம் போய்ச் சேர அந்தப் பிள்ளைக்கு 52 நாள்கள் ஆயின.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் விஞ்ஞானத்தின் வெற்றியைப் புகழ்ந்தார்கள். அது நியாயமே. ஆனால் எனக்கு அதில் வேறொரு பாடம் தெரிந்தது. அந்தப் பெற்றோரிடம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்திருந்தால் மட்டும் வழக்கு முடிந்திருக்குமா? முடிந்திருக்காது. இன்ன பெயருடைய பிள்ளை இன்ன நாளில் இன்னாருக்குப் பிறந்தது என்று பத்திரம் சொல்லும். இந்தத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைதான் அந்தப் பிள்ளை என்று அது சொல்லாது. அதைச் சொல்லவேண்டியவர்கள் அயலவரும் உறவினரும் பேறு பார்த்தவரும். சாதாரண நாளில் அந்தச் சாட்சி நம்மைச் சுற்றியே இருப்பதால், அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. கடல் பத்திரங்களையும் சாட்சிகளையும் ஒரே காலையில் வாரிக்கொண்டு போனபோதுதான், இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கி நின்றவை என்பது புலப்பட்டது.

அழிவுக்குப் பின் வந்த ஆண்டுகளிலும், போர் முடிந்த 2009க்குப் பின்னரும், நடமாடும் சேவை என்ற பெயரில் உத்தியோகத்தர்கள் ஊர்களுக்கே வந்து பத்திரங்கள் வழங்கினர். மேசையும் ஏடும் துறையைக் கடந்து மக்களிடம் வந்தன. இது நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நடந்திருக்க வேண்டிய பயணம்.

இன்று தேடுவோர் அறிய வேண்டியவை

இனி, கேட்போருக்கு நான் சொல்லும் அந்த இரண்டு வரிகளைச் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

1960 சனவரி 1க்குப் பின் நிகழ்ந்த பிறப்புகளின் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், அவற்றின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைப் பிறந்த பிரிவுக்குப் போகாமல் எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். 2025ஆம் ஆண்டு முதல் ரொறன்ரோ, மெல்பேர்ண் உள்ளிட்ட சில இடங்களிலுள்ள இலங்கைத் தூதரக அலுவலகங்களிலும் இந்த வசதி தொடங்கப்பட்டது.

1960க்கு முற்பட்ட பிறப்பென்றால் பதிவு நடந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தையே நாட வேண்டும். பழைய பத்திரத்தின் நிழற்படப் பிரதி இருந்தால், அதிலுள்ள பதிவு இலக்கத்தையும் பதிந்த திகதியையும் கொடுத்துவிட்டால் வேலை எளிது. இலக்கம் தெரியாவிட்டால் ஏட்டைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பழைய இடப்பெயர்கள் தெரிந்திருத்தல் அவசியம். கல்முனையில் 1961க்கு முன் பிறந்தவர் அம்பாறை மாவட்டத்தில் பிறந்தவர் அல்லர்; அப்போது அந்த மாவட்டமே இல்லை. அவருடைய பத்திரம் மட்டக்களப்பு மாவட்டம், கரவாகுப்பற்று என்றே பேசும். பெயரிலும் அப்படியே. வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, பாடசாலையில் எழுதிய பெயர் ஒன்று, பதிவாளர் காதில் விழுந்த பெயர் ஒன்று என்று மூன்று பெயரோடு வாழ்ந்த பெரியவர்கள் பலர். மூன்றையும் குறித்துக்கொண்டு தேடுதல் நலம்.

ஏட்டில் இல்லை என்று பதில் வந்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சாதகக் குறிப்பு, ஞானஸ்நானப் பத்திரம், பாடசாலை அனுமதிப் பதிவு, பிறப்பை அறிந்தோரின் சத்தியக் கடதாசி ஆகியவை அங்கே சான்றாகின்றன. அதுவும் கைகூடாவிட்டால் மருத்துவரின் கணிப்போடு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. கவனித்தீர்களா? அரசாங்க ஏடு தோற்ற இடத்தில், அது மறுபடியும் கை நீட்டுவது சாத்திரியாரின் ஓலையிடமும், பாடசாலை ஆசிரியரின் எழுத்திடமும், ஊர்ப் பெரியவரின் சொல்லிடமும்தான்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. படுவான்கரையில் 1930களிலும் 40களிலும் வீட்டில் பிறந்தவர்களில் உயிரோடு இருப்போர் இன்று எண்பதும் தொண்ணூறும் கடந்தவர்கள். அவர்கள் பிறந்ததைக் கண்ணால் கண்ட சாட்சிகள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். போரில் பதிவின்றிப் பிறந்தவர்களின் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் எப்போதும் இருக்கப் போவதில்லை. சாட்சி இருக்கும்போதே பத்திரத்தை எடுத்துவிட வேண்டும். பத்திரம் இருந்தால் அதன் இலக்கத்தையாவது பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே தாயின் குடியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்தச் செயலகத்திலும் பிரதி கிடையாது.

அரசுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பிறப்பைப் பதிவது குடிமகனுக்கு அரசு செய்யும் சலுகையன்று. அது அரசின் கடமை. 1897 முதல் அந்தக் கடமை சட்டத்தில் இருக்கிறது. ஏட்டில் ஒரு பெயர் இல்லையென்றால், அந்த மனிதன் பிறக்கவில்லை என்பது அதன் பொருளன்று. ஏடு அவனிடம் போய்ச் சேரவில்லை என்பதே பொருள். வரிசையில் நிற்கும் கிழவியிடம், "நீங்கள் ஏன் பதியவில்லை?" என்று கேட்கும் இளம் உத்தியோகத்தர், அந்தக் கேள்வியை ஒருமுறை தம் மேசைப் பக்கமாகவும் திருப்பிப் பார்ப்பாராக.